எங்கே நின்று பார்த்தாய்?

போன மாதம் இளம் ஆசிரியர்களான உங்களில் ஒருவர் தன் வகுப்பைப் பார்க்க என்னை அழைத்துப் போனார். சுவரெல்லாம் வண்ணப் படங்கள். பிள்ளைகள் எழுந்து நின்று பறவைகளின் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். நானும் கை வலிக்கத் தட்டினேன். அதே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே தவிட்டுக்குருவிகள் கத்தி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. அங்கே பாம்போ பூனையோ நடமாடியிருக்க வேண்டும். ஒரு பிள்ளை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆசிரியரும் பார்க்கவில்லை. சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினார்.

பழைய அனுபவம் எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டேன். கோபத்தில்தான் தொடங்கினேன், அதை மறைக்கப் போவதில்லை. எழுத எழுதக் கோபம் போய்விட்டது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியும் அவளுடைய அப்பாவும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு யார் மீதும் கோபம் நிற்பதில்லை.

அது எழுபதுகளின் கடைசி. காரைக்கால் டவுனிலிருந்து பஸ் ஏறி, நெடுங்காட்டைத் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் டீச்சராகப் போய் வந்துகொண்டிருந்தேன். கல்லூரியில் விலங்கியல் படித்தவள். தவளையை அறுத்து அதன் நரம்புகளை ஊசி குத்திக் காட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு தவளை தன் பாட்டுக்குக் குதித்துப் போவதை ஐந்து நிமிடம் நின்று பார்த்ததில்லை. என் மாணவர்களோ தினமும் வரப்பு வரப்பாக நடந்து பள்ளிக்கு வருகிறவர்கள். அவர்கள் வழியில் பார்க்காத உயிர் கிடையாது. பார்ப்பார்கள், ஆனால் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். எனக்கு உற்றுப் பார்க்கப் பயிற்சி உண்டு, உயிரோடு பார்த்தது ஒன்றுமில்லை. அவர்களுக்கு எல்லாம் கண்ணெதிரே இருந்தது, நிற்கத்தான் பழக்கமில்லை. இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும் என்று தோன்றியது.

உங்களிடம் இருக்கும் பைனாகுலர்களைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். எங்களிடம் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கு வரும் வழியில் ஆளுக்கு ஓர் இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். தினமும் அதே இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏதாவது ஓர் உயிரைப் பார்க்க வேண்டும், வந்து சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒருத்தன் குளத்தங்கரைப் புளியமரத்தை எடுத்துக்கொண்டான். ஒருத்தி தன் வீட்டு வைக்கோல் போரையே எடுத்துக்கொண்டாள், நடக்கச் சோம்பல். மலர்க்கொடி என்ற எட்டாம் வகுப்புப் பெண் தன் அப்பாவின் வயலுக்குத் தண்ணீர் பாயும் மதகைப் பிடித்துக்கொண்டாள். அவள் பார்த்தது மடையானை. வரப்பில் தோளைக் குறுக்கிக்கொண்டு மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கும், கிளம்பினால் திடீரென்று வெள்ளையாகப் பறக்குமே, அந்தக் கொக்கு. அது என்ன தின்கிறது என்பதிலேயே அவளுக்கு முழுக் கவனமும். மற்றவர்களுக்கு அலுத்தும் அவளுக்கு அலுக்கவில்லை.

முதல் வாரமே அடிதடி. மீன்கொத்தி தன் பெண்டாட்டியிடம் கோபித்துக்கொண்டு மீன் கொடுக்க மாட்டேனென்றது என்று ஒருவன் சொன்னான். பொய் சொல்றான் டீச்சர் என்று இன்னொருவன் எழுந்தான். சட்டை கிழிகிற அளவுக்குப் போய்விட்டது. அவர்களைப் பிரிப்பதற்காகத்தான் முற்றத்தில் வேப்பங்குச்சியால் ஒரு கோடு கிழித்தேன். கிழித்த பிறகுதான் அதை என்ன செய்வதென்று தோன்றியது. இந்தப் பக்கம் நின்றால் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், நினைத்ததைச் சொல்ல ஆசையென்றால் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். மீன்கொத்திக்காரன் இந்தப் பக்கம் நின்று, ஒரு மீன்கொத்தி இன்னொன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீனை விழுங்கியது என்றான். தாண்டிப் போய், கோபமா இருக்கும்னு நினைக்கிறேன் என்றான். சண்டை தீர்ந்தது. எந்தப் பக்கம் நிற்பதும் கேவலமில்லை என்பதை மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நினைப்பது கேவலமென்று ஒரு பிள்ளைக்குத் தோன்றிவிட்டால் அப்புறம் அது விஞ்ஞானத்துக்கு உதவாது.

இன்னொரு வழக்கம் பிள்ளைகளாகவே கண்டுபிடித்தது. வால் இல்லாத கீரியைப் பார்த்ததாக ஒருவன் பெருமையடித்தான். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மலர்க்கொடி மட்டும், எங்க நின்னு பாத்தே என்று கேட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தானாம். கீரியின் பின்பாதி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் மொத்த வகுப்பும் கேட்கும் கேள்வி அதுதான். பொய் என்று சொல்ல வேண்டாம், நம்பவில்லை என்று சொல்ல வேண்டாம். எங்கே நின்று பார்த்தாய்? அவ்வளவுதான். பின்னாளில், எண்பதுகளில், மண்டபத்தூர்ப் பக்கம் எனக்கு மாற்றலானது. அங்கே பிள்ளைகள் கடற்கரை மணலில் கோடு போட்டார்கள். அலை வந்து அழித்துக்கொண்டே இருக்கும், போட்டுக்கொண்டே இருப்பார்கள். கேள்வி மட்டும் மாறவில்லை.

நெடுங்காட்டுப் பக்கத்துப் பள்ளிக்கு ஒரு தடவை கல்வி அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். பறவைப் பாடம் என்றதும் உற்சாகமாகிவிட்டார். கொக்கு மணிக்கணக்காக ஒற்றைக் காலில் தவம் செய்யும் என்று கையை ஆட்டிச் சொன்னார். முன்வரிசையிலிருந்து ஒரு வாண்டு எழுந்து, மிகவும் பணிவாக, எங்க நின்னு பாத்தீங்க சார் என்று கேட்டது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியர் காபி சாப்பிடலாமா என்றார். அதிகாரி போன பிறகு தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, இந்தக் கேள்வியைப் பெரியவர்களிடம் கேட்கக் கூடாதென்று சொல்லிக் கொடுக்கும்படி உத்தரவு போட்டார். பெரியவர்களிடம் கேட்கும்போது மரியாதையாகக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். உத்தரவை அந்த அளவுக்குத்தான் என்னால் நிறைவேற்ற முடிந்தது.

இனி மலர்க்கொடியின் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உழைப்பாளி, கொஞ்சம் முன்கோபி. வாய்க்காலில் தண்ணீர் வரும் நாட்களில் வீட்டில் படுக்காத மனிதர். எட்டாவதோடு பெண்ணின் படிப்பை நிறுத்திவிடலாமென்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உயர்நிலைப் பள்ளி தூரம். நான் ஒரு நாள் போய்ப் பேசியபோது, அறுவடை முடியட்டும் டீச்சர், பாத்துக்கலாம் என்றார். அந்தப் பதிலின் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதம். நாற்றுவிட்டு, காப்பாற்றி, கடைசியில் எப்படியோ சம்பா நடவை முடித்திருந்தார். மறுபடி நட வேண்டுமென்றால் அவரிடம் கைப்பிடி நாற்று மிச்சமில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குறுவை அறுத்த வயல்கள் தாளோடு கிடந்தன. கீழே சிந்திய நெல்லில் வாத்து மேய்க்க, தென்னாற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாத்துக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். வருஷா வருஷம் வருகிறவர்கள்தான். பகலில் வாத்துகள் தாளில் மேயும். இரவில் மேட்டில் வலை கட்டி அதற்குள் அடைப்பார்கள். என் பிள்ளைகள் அந்த வாரம் முழுக்க வாத்தைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசவில்லை.

ஒரு நாள் காலை மலர்க்கொடி முகம் செத்துப்போய் வகுப்புக்கு வந்தாள். அவர்கள் வயலில் நட்ட நாற்று அடியில் வெட்டுப்பட்டு, ஒரு மூலை முழுக்கத் தண்ணீரில் மிதக்கிறது என்றாள். வரப்பில் வாத்து இறகு கிடந்திருக்கிறது. அவள் அப்பா நேரே போய் வாத்துகளை ஓட்டி வந்து, பயிர் மேய்ந்த மாடுகளை அடைக்கும் ஊர்ப் பட்டியில் அடைத்துவிட்டார். சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் ஊர் கூடிப் பேசும், வாத்துகளை நஷ்டத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்வார்கள் என்று மதியத்துக்குள் பேச்சு வந்துவிட்டது. அந்த வாத்துகளைத் தவிர அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது.

மத்தியானம் என்னைத் தேடியும் ஓர் ஆள் வந்தார். டீச்சரோட புள்ளைங்கதான் காலையில வரப்புல நிக்கிதுங்க, அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க என்றார். தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்து, பரீட்சை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துவிடும்படி சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் பெண் அப்பாவுக்குச் சாதகமாகப் பேசினால் வாத்துக்காரர் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். பாதகமாகப் பேசினால் மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வர மாட்டாள். ஆனால் வர வேண்டாம் என்று நான் சொன்னால், முற்றத்தில் அத்தனை நாள் போட்ட கோடு வெறும் விளையாட்டு என்று ஆகிவிடும். அவளிடமே கேட்டேன். வரேன் டீச்சர் என்றாள்.

கோயில் வாசலில் நல்ல கூட்டம். நடுவில் ஒரு பெரியவர், பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர். ஊரில் எந்த வழக்கென்றாலும் அவர்தான் பேசித் தீர்ப்பார். பட்டியிலிருந்து வாத்துகள் தண்ணீருக்குக் கத்துவது அங்கே வரை கேட்டது. வாத்துக்காரரின் மனைவி பட்டி வாசலைவிட்டு நகரவில்லை. அவர் மட்டும் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ராத்திரி முழுக்க வாத்து வலைக்குள்தான் இருந்தது என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மலர்க்கொடியின் அப்பா முன்னால் வந்து பேசினார். தண்ணீருக்கு அலைந்ததையெல்லாம் சொன்னார். வாத்து இறங்கி என் வயலை அழித்துவிட்டது, நான் பார்த்தேன் என்றார்.

நண்டாக இருக்குமோ என்று எனக்கு ஓர் எண்ணம். இளநாற்றை வயல் நண்டு வெட்டும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அது கோட்டுக்கு அந்தப் பக்கத்து எண்ணம். எங்கே நின்று பார்த்தாய் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், கல்லூரி நூலகத்தில் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். இளம் நண்பர்களே, நம் தொழிலில் கடினமான வேலை பேசுவதல்ல. வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான். அதுவும் நமக்குப் பதில் தெரிந்த மாதிரி இருக்கும்போது.

பெரியவர் மலர்க்கொடியை முன்னால் அழைத்து, நீ தினமும் அங்கே நிற்கிறவளாமே, பார்த்ததைச் சொல்லு என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. அவள் குனிந்து பார்த்துவிட்டு, கோயில் வாசல் மண்ணில் கால் கட்டைவிரலால் நீளமாக ஒரு கோடு கிழித்தாள். கூட்டத்தில் சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள்.

"நேத்து சாயங்காலம் வாத்தெல்லாம் எங்க வரப்பு மேலதான் நடந்து போச்சு," என்றாள். "அதப் பாத்தேன். காலையில எறகு கெடந்ததையும் பாத்தேன்."

வாத்துக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவள் அப்பா, கேட்டுக்கிட்டீங்களா என்பது போல் கூட்டத்தைப் பார்த்தார். இவள் வாத்துகளைக் காப்பாற்றுவாள் என்று நான் எனக்குத் தெரியாமலேயே நம்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் யாரையும் காப்பாற்ற வரவில்லை. பார்த்ததைச் சொல்ல வந்திருந்தாள்.

"வயலுக்குள்ள எறங்குனத நான் பாக்கல. எறங்கலன்னும் சொல்ல மாட்டேன், நான் அதுக்குள்ள வீட்டுக்குப் போயிட்டேன். காலையில நான் வந்தப்ப நாத்து மிதந்துச்சு. வாத்து அப்ப வலைக்குள்ளதான் இருந்துச்சு."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பெரியவரும் அப்படித்தான் நினைத்து நிமிர்ந்தார். ஆனால் எங்கள் முற்றத்தில் ஒருவர் சொல்லி முடித்தால் அடுத்தவரைக் கேட்டாக வேண்டும். தினமும் செய்து பழகியதை அவள் அங்கேயும் செய்தாள். அப்பா பக்கம் திரும்பி, எந்தக் கள்ளமும் இல்லாமல் கேட்டாள்.

"நீங்க எங்க நின்னு பாத்தீங்கப்பா?"

கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. ஊர் நடுவே பெற்ற பெண் அப்பாவைக் கேள்வி கேட்பதென்பது அந்தக் காலத்தில், அந்த ஊரில், சின்ன விஷயமல்ல. தோளில் இருந்த துண்டை அவர் இழுத்துக் கையில் சுற்றினார். அடித்துவிடுவாரோ என்றுகூடப் பயந்தேன். அவர் அவளைப் பார்க்கவில்லை, அவள் கிழித்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாக்கல," என்றார் கடைசியில். "மிதந்தத பாத்தேன். எறகப் பாத்தேன். எறங்குனத பாக்கல."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை எத்தனையோ மேடைகளில் பார்த்துவிட்டேன். நான் பார்க்கவில்லை என்று ஊர் நடுவே சொன்ன மனிதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்று அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

மலர்க்கொடி கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். நண்டு வெட்டியிருக்குமென்று நினைக்கிறேன் என்றாள். மடையான் அந்த மூலையில் தினமும் நண்டு பிடித்துத் தின்கிறது, அதை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் நண்டு நாற்றை வெட்டுவதை நான் பார்க்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். யாரோ பின்னாலிருந்து, அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது என்று அலுத்துக்கொண்டார்கள். அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. முகமே மாறிவிட்டது.

"வாத்து இன்னிக்கு ராத்திரி பட்டிக்குள்ளதான இருக்கும்? மிதக்குறதையெல்லாம் இப்பவே அள்ளிடணும். இல்லன்னா நேத்தியதா இன்னிக்கியதான்னு தெரியாது. நாளைக்குக் காலையில புதுசா மிதந்தா, அது வாத்து இல்ல."

மிதக்கலன்னா வாத்துதானே என்று பெரியவர் கேட்டார். வாத்துக்காரர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தா இருக்கலாம்," என்றாள். "இருக்கலாம்தான்."

ஆசிரியர்களே, அந்த "தான்" என்பதற்கு நான் பாடம் நடத்தவில்லை. அது அவளுடையது. மிதக்காவிட்டால் எதுவும் தீர்மானமாகத் தெரியாது என்பது அவளுக்கு எப்படியோ புரிந்திருந்தது. பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் இருப்பவர்களும் அவசரத்தில் மறந்துபோகிற விஷயம் இது. மறுநாள் காலை வரை பொறுப்பதென்று பெரியவர் முடிவு சொன்னார். வாத்துக்காரர், பொண்ணு சொல்றது ஞாயம்தான் என்று மட்டும் சொன்னார். வாத்துக்குத் தண்ணீர் காட்ட அனுமதி கேட்டார், கொடுத்தார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே எல்லோருமாக வயலுக்குப் போனோம். மலர்க்கொடியின் அப்பாவே சேற்றில் இறங்கி மிதந்த நாற்றையெல்லாம் அரித்து அள்ளி வரப்பில் போட்டார். ஒரு தாள் விடவில்லை. ராத்திரி காவலுக்கு ஆள் போடலாமா என்று யாரோ கேட்டதற்கு, என் வயல நான் பாத்துக்குறேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு அது உறைத்தது. விடிந்ததும் அந்த வயலை முதலில் பார்க்கப் போகிறவர் அவர்தான். புதிதாக நாற்று மிதந்தால், இரண்டு கை அள்ளிச் சேற்றில் அமுக்கிவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. வாத்துகள் அவருக்குத்தான். பெண்ணிடம் ஊரறியத் தோற்ற மாதிரியும் இருக்காது. அவரைச் சந்தேகப்பட்டதாக நினைக்காதீர்கள். ஒரு மனிதருக்கு அவ்வளவு பெரிய சோதனையை வைத்துவிட்டோமே என்று கவலையாக இருந்தது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. என் அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மலர்க்கொடி வந்திருந்தாள், அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது. மெதுவாகக் கேட்டேன். அப்பா விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க டீச்சர், மதகுப் பக்கம் போகக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க, ரோட்டு வழியா வந்தேன் என்றாள். கண் கலங்கியிருந்தது. திட்டு வாங்கியதற்கு அழவில்லை. அன்றைக்குப் பார்த்து நிற்க முடியாமல் போனதற்குத்தான் அழுகை.

அப்போது அவர் வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது, காலெல்லாம் சேறு. தலைமையாசிரியர் அறையிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டார். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். மலர்க்கொடியும் அப்படித்தான் நினைத்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் எங்கள் யாரையும் பார்க்காமல் தரையைத் தேடினார்.

"அந்தக் கோடு எங்க டீச்சர் போடுவீங்க?"

முந்தின நாள் கோடு மிதிபட்டு அழிந்திருந்தது. நான் எழுவதற்குள் ஒரு பையன் ஓடிப் போய் வேப்பங்குச்சி எடுத்துக் கிழித்துக் கொடுத்தான். எந்தப் பக்கம் எது என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டு, இந்தப் பக்கம் வந்து நின்றார். பிள்ளைகள் முன்னால் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"புதுசா மிதக்குது," என்றார். "நேத்த விட கம்மி. வெட்டுன எடம் பச்சையா இருக்கு. வரப்போரம் நண்டு வளை இருக்கு. பட்டி பூட்டுனபடியே இருந்துச்சு, அதையும் போயிப் பாத்தேன்."

பிறகு கோட்டைத் தாண்டினார். பார்த்துப் பார்த்து, மிதித்து அழித்துவிடாமல் தாண்டினார்.

"வாத்துன்னு நெனச்சேன்," என்றார். அவ்வளவுதான். பட்டியைத் திறந்துவிடச் சொல்லிவிட்டுத்தான் வருவதாக என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அதிகாரியைக் கேட்ட அதே வாண்டு. தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தார். அது எழுந்து நின்று, நான் சொல்லிக் கொடுத்தபடி, மிகவும் மரியாதையாகக் கேட்டது.

"எங்க நின்னு பாத்தீங்க மாமா?"

அவர் நின்றார். அந்தப் பிள்ளையைப் பார்த்தார், பிறகு முதல் தடவையாகத் தன் பெண்ணைப் பார்த்தார்.

"மதகு மேல. எம்பொண்ணு நிக்கிற எடத்துல," என்றார். அப்புறம் அவளிடம் சொன்னார். "நான் பாத்ததுல விட்டது இருக்கும். நாளைக்கு நீ வந்து நில்லு. நின்னு பாத்துட்டு, நேரா பள்ளிக்கூடம் போ."